ஊரோரக் காடு

வானம் தெளிந்த காலையில் சங்கராபுரத்து மொட்டை மாடி ஒன்றில் ஏறி மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை நீலமாக எழுந்து நிற்கும். காட்டுயிர் என்ற சொல்லைக் கேட்டதும் நம் கண் அங்கேதான் போகிறது. காடு அங்கே இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ள வனத்துறை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வேலைக்குப் போய்விடுகிறோம். இறங்கிய பிறகு தெருக்கோடி வரை நடக்கும்படி உங்களை அழைக்கிறது இந்த அத்தியாயம்.

வருவாய்த் துறைக் கணக்கில் புறம்போக்கு என்பது தனியார் பட்டாவில் சேராத பொது நிலம். ஏரி உள்வாய், ஓடைக்கரை, மேய்ச்சல் தரை, வண்டிப்பாதையின் இருபுறம், தோப்பு எல்லாம் அதில் அடங்கும். பேச்சு வழக்கில் அதை வசைச்சொல் ஆக்கிவிட்டோம். யாருக்கும் ஆகாத இடம் என்று குப்பையைக் கொட்டினோம், மண்ணை அள்ளினோம், வேலியை நகர்த்தினோம். நம் ஊரின் பறவையும் பாம்பும் கீரியும் தவளையும் பெரும்பாலும் பிழைத்துக் கிடப்பது அந்த ஓரங்களில்தான். அவற்றை அடையாளம் கண்டு, பெயர் சொல்லப் பழகி, ஓரங்களாகவே விட்டுவைக்க என்னென்ன செய்யலாம் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. தண்ணீர் வரும் வழியை அறியுங்கள்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சேர்வராயன், சவ்வாது, பச்சைமலை, கொல்லிமலை ஆகியவை அதன் உறவுகள். சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று அதை இரண்டாகச் சொல்வார்கள். அடிவாரத்தில் முள்ளும் புதருமாகத் தொடங்கும் காடு, மேலே ஏற ஏற இலையுதிர்க்கும் மரங்களாக மாறும். உச்சியை ஒட்டிய மடிப்புகளில் ஈரம் காக்கும் பசுஞ்சோலைகள் உண்டு.

அந்தக் காடு மழையைப் பிடித்து வைத்து, மெல்ல மெல்லக் கீழே விடுகிறது. கோமுகி ஆறு அங்கே பிறந்து கச்சிராயபாளையத்தை அடுத்த அணைக்கு வருகிறது. மலையிலிருந்து இறங்கும் வேறு ஓடைகள் சேர்ந்து மணிமுக்தா ஆறாகி அகரகோட்டாலத்து அணையில் தங்குகின்றன. இரண்டும் கலந்து வெள்ளாற்றில் சேர்கின்றன. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. மலையில் ஒரு சரிவு தீப்பிடித்து மொட்டையானால் அடுத்த மழையில் மண் கரைந்து நம் அணையிலும் ஏரியிலும் வண்டலாகப் படியும். நம் ஓடையில் எறிந்த பாலித்தீன் பை ஒரு வெள்ளத்தில் வெள்ளாற்றுக்குப் போய்ச் சேரும்.

முதல் பயிற்சி இதுதான். உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஏரிக்கு எந்த வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது, நிரம்பினால் எந்தக் கலங்கல் வழியாக வெளியேறுகிறது, அது அடுத்து எந்த ஏரிக்குப் போகிறது என்று விசாரியுங்கள். ஏரியில் மதகு திறந்த அனுபவமுள்ள முதியவர் ஒருவர் ஊரில் இருப்பார். அவரோடு ஒருமுறை வாய்க்காலை நடந்து பாருங்கள். ஒரு தாளில் வரைந்து வையுங்கள். அந்த வரைபடம்தான் உங்கள் ஊர்க் காட்டுயிரின் வரைபடமும். ஓணானும் கீரியும் காட்டுப்பூனையும் திறந்த வயலைக் கடக்கத் தயங்கும். வாய்க்கால் ஓரத்துப் புதர்தான் அவற்றுக்குப் பாதை.

2. எந்த ஓரத்தில் யார்?

*ஏரி.* ஆழமான நீரில் முக்குளிப்பானும் நீர்க்காகமும் மூழ்கி எழும். கழுத்தை மட்டும் நீட்டிப் பாம்பு போல நீந்துவது பாம்புத்தாரா. இலைகள் மிதக்கும் இடத்தில் நாமக்கோழி நீந்தும், நீலத் தாழைக்கோழி நடக்கும். கணுக்கால் ஆழத்தில் மடையான் நிற்கும். மூடாத அலகோடு நிற்கும் பெரிய பறவை நத்தைக்குத்தி நாரை. அந்த இடைவெளி நத்தையைப் பிடிக்க உதவுகிறது. சேற்று விளிம்பில் குளிர்கால விருந்தாளிகளான உள்ளான்கள் குத்திக் குத்தி இரை தேடும்.

*ஓடைக்கரையும் வேலியும்.* செம்போத்து, தவிட்டுக்குருவிக் கூட்டம், சின்னான், கீரி, உடும்பு, சாரைப்பாம்பு ஆகியவற்றின் இடம் இது. செங்குத்தான மண்கரையில் வட்டத் துளைகள் தெரிந்தால் மீன்கொத்தியோ பஞ்சுருட்டானோ கூடு வைத்திருக்கக்கூடும். அந்தக் கரையில் மண் அள்ளினால் ஒரு தலைமுறையே போய்விடும்.

*வயல்.* கரும்பு உயர்ந்து நிற்கும் மாதங்களில் அது ஒரு புல்காடு. காட்டுப்பூனையும் நரியும் அதற்குள் குட்டி போடும். மக்காச்சோளத் தட்டையில் கரிச்சான் உட்கார்ந்து பறக்கும் பூச்சியைத் தட்டிப் பறிக்கும். நெல் வரப்பில் வளை தோண்டும் எலியைத் தேடி இரவில் கூகை வரும்.

*பனை வரிசை.* ஓலை நுனியில் தூக்கணாங்குருவிக் கூடு, ஓலை அடியில் பனை உழவாரன், பட்டுப்போன மரப் பொந்தில் பனங்காடை, கிளி, ஆந்தை என்று ஒரு பனை ஒரு குடியிருப்பு. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது.

*சாமித்தோப்பு.* அய்யனாருக்கும் அம்மனுக்கும் விட்ட மரங்களில் கோடாலி படாததால் அங்கே இச்சி, அத்தி, நாவல், இலுப்பை போன்றவை முதிர்ந்து நிற்கும். பழந்தின்னி வௌவாலும் மாங்குயிலும் அங்கே உண்ட பழத்தின் விதையை ஊரெங்கும் விதைக்கின்றன.

*பொட்டல் மேய்ச்சல் தரை.* ஆள்காட்டி, வானம்பாடி, கவுதாரி, முயல் ஆகியவற்றுக்கு மரம் தேவையில்லை, புல்வெளிதான் தேவை. ஆள்காட்டி வெறும் தரையில் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடும். “சும்மா கிடக்கிறது” என்று அங்கே கன்று நட்டுத் தோப்பாக்கினால் இவை வீடிழக்கும். மரம் நடுவது நல்ல காரியம்தான். ஆனால் மரம் இருந்த இடத்தில் நட வேண்டும்.

3. பார்க்கப் பழகுங்கள்

இதற்குப் பணம் அதிகம் தேவையில்லை. ஒரு நோட்டு, ஒரு பேனா, முடிந்தால் ஓர் இருநோக்கி போதும். 8x42 அளவு இருநோக்கி தொடக்கக்காரருக்குக் கைக்கு அடங்கும். அது இல்லாவிட்டாலும் ஏரிக்கரையில் அசையாமல் கால் மணி நேரம் உட்கார்ந்தால் பறவைகள் உங்களை மறந்து அருகே வரும்.

விடிந்து இரண்டு மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் சிறந்த வேளைகள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். பளிச்சென்ற சட்டை வேண்டாம். செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிட வேண்டாம். கூடு கட்டும் காலத்தில் அது தாய்ப் பறவையை அலைக்கழிக்கும். கூட்டைக் கண்டால் விலகி வாருங்கள். இடத்தை எல்லோருக்கும் சொல்லாதீர்கள், படத்தை இடம் குறித்துப் பகிராதீர்கள்.

நோட்டில் நாள், நேரம், இடம், வானிலை, எத்தனை, என்ன செய்தது என்ற ஆறையும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. “மைனா அளவு, மஞ்சள் கால், வால் மேலும் கீழும் ஆடியது” என்று எழுதினால் பின்னால் கண்டுபிடிக்கலாம். முனைவர் க. ரத்னத்தின் ‘தமிழ்நாட்டுப் பறவைகள்’ தமிழ்ப் பெயர்களுக்கு நல்ல துணை. பெரியவர்களிடம் கேட்டால் உங்கள் ஊருக்கே உரிய பெயர்கள் கிடைக்கும். அவற்றையும் எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் அந்தப் பெயர்கள் அவர்களோடு போய்விடும்.

எழுதியதை இ-பேர்டு என்ற இலவசத் தளத்தில் பதிவு செய்தால் அது ஆராய்ச்சிக்குப் பயன்படும். ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஒரே இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்டதையும் கேட்டதையும் பதிவதுதான் அதில் கலந்துகொள்ளும் முறை. மாட்டுப் பொங்கலன்று பிள்ளைகளோடு ஏரிக்கரைக்குப் போவதை ஒரு வழக்கமாக்குங்கள். நம் பகுதியிலிருந்து பதிவு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு நம் ஏரிக்கு ஆதாரம் கூடும்.

4. ஆண்டின் சுற்று

*சித்திரை, வைகாசி:* ஏரி வற்றும் காலம். எஞ்சிய குட்டையில் கொக்கு, நாரைகள் கூடும். வீட்டு வாசலில் மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். நாள்தோறும் கழுவி மாற்றுங்கள்.

*ஆனி, ஆடி, ஆவணி:* தென்மேற்குக் காற்றோடு வரும் மழை. தவளைக் குரல் தொடங்கும். ஆண் தூக்கணாங்குருவிகள் கூடு பின்னும். விநாயகர் சதுர்த்திக்குச் சாயம் பூசாத களிமண் பிள்ளையாரை வாங்குங்கள். ரசாயனச் சாயம் ஏரிக்குப் போகக் கூடாது.

*புரட்டாசி, ஐப்பசி:* தகைவிலானும் வாலாட்டிக் குருவியும் வடக்கிலிருந்து வந்து சேரும். மாலையில் வயல்மேல் கூட்டமாகப் பறக்கும் தட்டான்களைப் பாருங்கள். அவற்றில் ஓர் இனம் இந்தியாவிலிருந்து கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகிறது. வண்ணத்துப்பூச்சிகளும் இப்போது ஊர் மாறும். கல்வராயன், சேர்வராயன், பச்சைமலை போன்ற கிழக்கு மலைகளிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலை நோக்கி நீல வரியன் போன்றவை கூட்டங்கூட்டமாகப் பறப்பதை ஆர்வலர்கள் பதிவு செய்துள்ளனர். ஐப்பசியில் தோட்டத்துச் சருகில் பச்சையும் நீலமும் காவியுமாக ஒரு குண்டுப் பறவை தத்தினால் அது தோட்டக்கள்ளன். காலையும் மாலையும் நேரம் தவறாமல் கூவுவதால் ஆறுமணிக் குருவி என்றும் அதற்குப் பெயர்.

*கார்த்திகை, மார்கழி, தை:* ஏரிகள் நிறைந்திருக்கும். நீர்ப்பறவை பார்க்க இதுவே சிறந்த காலம். ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடுகள் இருக்கலாம். இக்காலத்தில் அங்கே மரம் வெட்டக் கூடாது.

*மாசி, பங்குனி:* புரச மரம் இலையுதிர்த்துச் செந்நிறமாகப் பூக்கும். மைனா, கிளி, தேன்சிட்டு எல்லாம் அதில் கூடும். மலையில் தீப்பிடிக்கும் காலமும் இதுதான். சருகைக் கொளுத்தாதீர்கள்.

5. வீட்டிலும் வயலிலும்

வீட்டில் இடம் சிறிதென்று கவலை வேண்டாம். எலுமிச்சையும் கறிவேப்பிலையும் ஒவ்வொரு செடி வையுங்கள். இலையில் பறவை எச்சம் போல் ஒட்டியிருப்பது பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சியின் புழு. மருந்தடிக்காமல் சில வாரம் பொறுத்தால் கூண்டுப்புழுவாகி, பூச்சியாகிப் பறக்கும். வேலியோரம் எருக்கு இருந்தால் விட்டுவிடுங்கள். வெந்தய வரியன் அதில் முட்டையிடும். கிலுகிலுப்பையும் தேள்கொடுக்கும் களை போலத் தோன்றினாலும் வலசை போகும் வண்ணத்துப்பூச்சிகள் அவற்றில் மொய்க்கும். திறந்த தண்ணீர்த் தொட்டியில் ஒரு கட்டை மிதக்கவிடுங்கள். விழுந்த அணிலும் ஓணானும் ஏறிப் பிழைக்கும்.

வயலில் செய்ய வேண்டியவை:

— ஏக்கருக்குச் சில இடங்களில் ‘டி’ வடிவக் குச்சி நடுங்கள். பகலில் கரிச்சானும் மைனாவும் உட்கார்ந்து புழுவைத் தின்னும். 2018இல் இந்தியாவுக்கு வந்த மக்காச்சோளப் படைப்புழு போன்றவற்றைக் கட்டுப்படுத்த இதுவும் கைகொடுக்கும். இரவில் ஆந்தை அமர்ந்து எலி பிடிக்கும். கதிர் முற்றும்போது குச்சியை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தானியம் தின்னும் குருவிகளும் அதில் அமரும்.

— எலிக்கு நஞ்சு வைத்தால் செத்த எலியைத் தின்னும் கூகையும் சாரையும் சாகும். அடுத்த போகத்தில் எலி பெருகும். கிட்டியும் வளை தோண்டலும் நஞ்சைவிட நல்லவை. ஆந்தை அலறினால் சாவு வரும் என்று கல்லெறிவது நம் களஞ்சியத்தின் காவலரை அடிப்பதாகும்.

— கரும்பை நான்கு பக்கமும் வளைத்து வெட்டாதீர்கள். ஒரு பக்கத்தில் தொடங்கி, ஓடையோ புதரோ இருக்கும் பக்கம் நோக்கி வெட்டிச் செல்லுங்கள். உள்ளே இருப்பவை தப்பிப் போகும். சோகையைக் கொளுத்தாமல் வயலிலேயே பரப்பினால் ஈரமும் நிற்கும், மண்ணும் வளரும். குட்டிகளைக் கண்டால் தொடாதீர்கள். அந்த மூலையில் வேலையை நிறுத்திவைத்தால் தாய் இரவில் வந்து கவ்விப் போகும். காட்டுப்பூனைக் குட்டியைச் சிறுத்தைக் குட்டி என்று பயந்து தூக்கி வருவதால்தான் பல குட்டிகள் அநாதையாகின்றன.

— வரப்பில் ஓரடி அகலமாவது புல்லும் பூவும் விடுங்கள். களைக்கொல்லி அடிக்காத அந்த ஓரடியில்தான் தேனீயும் சிலந்தியும் குளவியும் வாழும்.

6. ஏரியைக் கிண்ணமாக்காதீர்கள்

ஊர் இளைஞர்கள் கூடி ஏரி தூர்வாருவது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் எப்படித் தூர்வாருகிறோம் என்பதில்தான் பறவையின் வாழ்வு இருக்கிறது. நம் ஏரிகள் கரையோரம் ஆழமாகவும், தண்ணீர் வரும் உள்வாய்ப் பக்கம் மெல்ல மெல்லச் சரிந்தும் இருக்கும்படி அமைந்தவை. அந்தச் சரிவான விளிம்பில்தான் உள்ளானும் கொக்கும் இரை தேடும், மீன்குஞ்சு வளரும், ஆடுமாடு இறங்கிக் குடிக்கும். நான்கு பக்கமும் கரை உயர்த்தி, செங்குத்தாகத் தோண்டி, நடைபாதையும் மின்விளக்கும் போட்டால் தண்ணீர் தெரியும், உயிர்கள் குறைந்துவிடும்.

எனவே ஆழப்படுத்துவது கரைப்பக்கம் மட்டும் போதும். உள்வாய் விளிம்பைச் சரிவாகவே விடுங்கள். கோரையும் நாணலும் முழுவதையும் அகற்றாமல் ஒரு மூலையிலாவது விடுங்கள். வரத்து வாய்க்காலின் வாயைத் திறந்துவிடாமல் ஏரியை மட்டும் தோண்டுவதில் பயனில்லை.

சீமைக் கருவேலத்தை அகற்றும்போது நாட்டுக் கருவேலத்தை வெட்டிவிடாதீர்கள். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் பந்து போல் இருக்கும். காய் மணிமாலை கோத்தது போல் விதைக்கு விதை இடுங்கியிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ பூனைவால் போல் நீண்டிருக்கும். காய் அப்படி இடுங்காமல் நேராக இருக்கும். சீமைக் கருவேலத்தையும் கூடு இல்லாத கோடையில், பகுதி பகுதியாக வேரோடு எடுத்து, அந்த இடத்தில் நீர்மருது, நாவல், நாட்டுக் கருவேலம் போன்றவற்றை நடுங்கள்.

மீன் வளர்க்க ஏலம் எடுப்பவர்களிடம் பேசுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அது ஏரியில் விழுந்தால் விரால், அயிரை, தவளை எதையும் விடாது. அறுந்த நரம்பு வலைகளைக் கரையிலேயே விட்டுப் போகாதிருக்கச் சொல்லுங்கள். அதில் நீர்க்காகமும் ஆமையும் சிக்கிச் சாகின்றன.

7. பாம்பு, பன்றி, குரங்கு, அடிபட்ட பறவை

நேசிக்கச் சொல்லிவிட்டு ஆபத்தை மறைப்பது நேர்மையாகாது. நம் பகுதியில் உயிருக்கு ஆபத்தான பாம்புகள் நான்கு: நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கிறது. கட்டிலில், கொசுவலையை நன்றாகச் செருகிப் படுப்பதே பெரிய பாதுகாப்பு. இரவில் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் வயலுக்குப் போகாதீர்கள். வீட்டையொட்டி விறகு, செங்கல் குவிக்காதீர்கள்.

கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, 108ஐ அழைத்து, நஞ்சுமுறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே போங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. அந்த மருந்துக்கான நஞ்சைப் பாம்புகளைக் கொல்லாமல் எடுத்துத் தருவது சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். பாம்பை அறிந்தவர்கள் அதைக் கொல்லாமலே உயிர் காக்கிறார்கள்.

காட்டுப்பன்றி பயிரை அழிப்பது உண்மையான துயரம். ஆனால் மின்கம்பத்திலிருந்து நேரடியாகக் கம்பி இழுத்து வேலி போடுவதும், அவுட்டுக்காய் என்னும் நாட்டு வெடியை இரையில் வைப்பதும் குற்றம். அவை பன்றியை மட்டும் தேடிக் கொல்வதில்லை. பக்கத்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வந்தவரும், மாடும், நாயும் அதில் இறந்திருக்கிறார்கள். பயிர்ச் சேதத்தைப் படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுத்து மூலம் இழப்பீடு கேளுங்கள். மின்வேலி வேண்டுமானால் தமிழ்நாடு அரசின் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி அனுமதிக்கப்பட்ட அதிர்வு வேலியை மட்டும் பதிவு செய்து போடுங்கள்.

மலைப்பாதையில் குரங்குக்குப் பிஸ்கட் போடாதீர்கள். சாலைக்கு வந்து பழகிய குரங்கு வண்டியில் அடிபடும், வீட்டுக்குள்ளும் நுழையும்.

கூட்டிலிருந்து விழுந்த, இறகு முளைக்காத குஞ்சைக் கூட்டிலேயே திரும்ப வைக்கலாம். மனித வாசனை பட்டால் தாய் ஒதுக்கும் என்பது தவறு. இறகு முளைத்துத் தத்தும் குஞ்சை அப்படியே விடுங்கள். அது பறக்கக் கற்கிறது. அடிபட்ட பறவையைத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில், சத்தமில்லாமல் வைத்து வனத்துறைக்குத் தெரிவியுங்கள். வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றாதீர்கள்.

8. காகிதத்திலும் ஓர் இடம்

கண்ணால் காப்பது பாதி. காகிதத்தில் காப்பது மறுபாதி. உங்கள் ஏரியும் ஓடையும் எந்தச் சர்வே எண்ணில், எவ்வளவு பரப்பில் உள்ளன என்பதை ‘அ’ பதிவேட்டிலும் புலப்படத்திலும் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கலாம். அரசின் இணையவழிப் பட்டா சேவையிலும் புறம்போக்கு நில விவரம் கிடைக்கும். ஏரி ஆக்கிரமிப்பை அளந்து அகற்ற 2007ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. பெரிய ஏரிகள் நீர்வளத் துறையிடமும் சிறிய ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். யாரிடம் மனு கொடுப்பது என்பதை அதற்கேற்ப முடிவு செய்யுங்கள்.

2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வைக்க வேண்டும். உங்கள் ஊராட்சியின் பதிவேட்டைப் பார்க்கக் கேளுங்கள். அதில் உங்கள் ஏரியின் பறவைகள் இல்லாவிட்டால் உங்கள் நோட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். “இந்தத் தோப்பில் மரம் வெட்டுவதில்லை, இந்த ஓடையில் குப்பை கொட்டுவதில்லை” என்று ஒரு தீர்மானம் போதும். பேரூராட்சியில் வசிப்பவர்கள் வார்டு உறுப்பினர் வழியே அதைக் கேட்கலாம்.

சிறிய இடத்துக்கு யார் மதிப்புத் தருவார்கள் என்று தயங்க வேண்டாம். மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. அதன் பரப்பு 193 ஹெக்டேருக்குச் சற்று மேல். பின்னர் அங்கே டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது ஊர்கள் திரண்டு எழுந்தன. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தைக் கைவிட்டது. அதே ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டி வீரகோயில் காடு இரண்டாவது தலமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 5 ஹெக்டேர்தான். ஒரு சாமித்தோப்பு அளவு!

அரசாணைக்கு முன்பே ஊர்க் கட்டுப்பாட்டால் நின்ற இடங்களும் உண்டு. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியை ஒட்டிய ஊர்களில் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வேடந்தாங்கல் மக்கள் பறவைகளைக் காக்கும் உரிமையைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலேய ஆட்சியரிடம் எழுதி வாங்கினார்கள்.

சட்டத்தையும் அறிந்திருங்கள். 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பதும், உடும்பு பிடிப்பதும், நட்சத்திர ஆமை வளர்ப்பதும், மயிலுக்கு நஞ்சு வைப்பதும் குற்றம். அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர்களுக்குத் தீங்கு செய்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. மண்ணுளிப் பாம்புக்குக் கோடி ரூபாய் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அது ஏமாற்று. அந்தப் பாம்பும் உங்கள் பணமும் சேர்ந்தே போகும்.

9. மலைக்குப் போகும்போது

சேராப்பட்டு, வெள்ளிமலைப் பக்கம் போகிறவர்கள் முதலில் நினைவில் கொள்ள வேண்டியது: அது மலையாளி பழங்குடி மக்களின் ஊர். நாம் விருந்தாளிகள். அருவியில் சோப்பும் ஷாம்பும் வேண்டாம். கீழே ஊருக்கு வரும் குடிநீரின் தொடக்கம் அது. கண்ணாடிப் பாட்டில் உடைந்தால் வெறுங்காலோடு நடக்கும் பிள்ளையின் காலும் மானின் குளம்பும் கிழியும். கொண்டுபோன குப்பையைக் கொண்டுவந்துவிடுங்கள். நெருப்பு மூட்டாதீர்கள். பாட்டுப் பெட்டியைக் காதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே விளையும் சாமை, தினை, காட்டில் சேகரித்த தேன், கடுக்காய் ஆகியவற்றை உரிய விலை கொடுத்து வாங்குங்கள். கடுக்காய் மரம் காய்ப்பதால் குடும்பத்துக்கு வருமானம் வந்தால் அந்த மரம் நிற்கும். யாராவது காட்டுக்கறி வேண்டுமா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். கீழே வாங்க ஆள் இருக்கும் வரைதான் மேலே நாட்டுத் துப்பாக்கி வெடிக்கும்.

10. இந்த வாரம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது. ஓர் ஓரத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கட்டும். ஏரியின் ஒரு மூலை, வாய்க்காலின் நூறு அடி, சாமித்தோப்பின் ஒரு பக்கம், எதுவானாலும் சரி.

ஞாயிறு காலை அங்கே கால் மணி நேரம் உட்காருங்கள். கண்டதை எழுதுங்கள். அடுத்த ஞாயிறும் போங்கள். மூன்றாம் வாரம் ஒரு பையோடு போய் அங்கே கிடக்கும் பாலித்தீனைப் பொறுக்குங்கள். நான்காம் வாரம் ஒரு பிள்ளையைக் கூட்டிப் போங்கள். ஓர் ஆண்டு முடிந்து உங்கள் நோட்டைப் புரட்டினால் தகைவிலான் வந்த நாளும், தவளை கத்திய முதல் இரவும், நாரைக் கூட்டில் குஞ்சு எழுந்த காலையும் உங்கள் கையெழுத்தில் இருக்கும்.

பிறகு ஒருநாள் அந்த ஓரத்தில் மண் அள்ள வண்டி வந்து நிற்கும். “இது சும்மா கிடக்கிற புறம்போக்குதானே?” என்று கேட்பார்கள். அப்போது உங்கள் நோட்டைத் திறந்து, இங்கே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பெயர் சொல்லிப் படித்துக் காட்ட உங்களால் முடியும். அந்தப் பட்டியலோடு கிராம சபைக்குப் போங்கள்.